ஸ்பெல்: மந்திரக் கதையிலும் மழைச் செய்தியிலும் வரும் ஒரு சொல்லைக் கற்க முழுமையான வழிகாட்டி

மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ வளரும் தமிழ்ப் பிள்ளையின் காதில் 'ஸ்பெல்' என்ற ஆங்கிலச் சொல் ஒரே நாளில் நான்கு பக்கமிருந்து வந்து விழும். பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த கதையில் சூனியக்காரி ஸ்பெல் போடுகிறாள். ஜூலை மாத வானிலை அறிவிப்பில் 'இன்டென்ஸ் ஸ்பெல்ஸ் ஆஃப் ரெயின்' என்று வருகிறது. கிரிக்கெட் ஆட்டத்தின் வர்ணனையில் 'வாட் எ ஸ்பெல்!' என்கிறார்கள். வகுப்பில் டீச்சர் 'ஸ்பெல் தி வேர்ட்' என்கிறார். 'ஸ்பெல் என்றால் மந்திரம்' என்று மட்டும் பாடம் பண்ணிய பிள்ளை முதல் இடத்தைத் தாண்டியதும் தடுமாறும். 'ஸ்பெல் என்றால் எழுத்துக்கூட்டல்' என்று தெரிந்த பிள்ளை கதையிலேயே தடுமாறும்.

அகராதிப் பொருளை ஒப்பிப்பதால் இந்தச் சொல் கைக்கு வராது. அதற்கு முன்னால் எந்த வினை நிற்கிறது, பின்னால் எந்தச் சிறுசொல் வருகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். அக்கம்பக்கச் சொற்களே பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். கீழே உள்ள படிகள் அந்தப் பார்வைக்கான பயிற்சி. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், டப்பிங், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவர்களுக்கும் பயன்படும்படி எழுதியிருக்கிறோம்.

முதல் படி: வாயில் சரியாக வரவழைப்பது

மெய்யெழுத்தில் சொல் தொடங்குவது தமிழ் இயல்பு இல்லை. அதனால்தான் 'இஸ்கூல்', 'இஸ்டேசன்' என்று முன்னால் ஓர் இகரம் ஒட்டிக்கொள்கிறது. மும்பையில் இந்தி பேசுபவர்கள் பலரும் அப்படியே சொல்வதால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அதே ஒலிதான் கேட்கிறது. இதைத் திருத்த எளிய வழி: 'பஸ் பெல்' என்று நிறுத்தாமல் பத்து முறை சொல்லச் சொல்லுங்கள். பிறகு முதலில் உள்ள 'ப'வை மட்டும் விட்டுவிட்டு 'ஸ்...பெல்' என்று சொல்லட்டும். சகரக் காற்றை ஒரு நொடி நீட்டி, பிறகு உதட்டை மூடித் திறக்க வேண்டும். நீட்டுவதைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் இகரம் தானாக உதிர்ந்துவிடும்.

இந்தச் சொல்லின் மற்ற ஒலிகளில் தமிழ்ப் பிள்ளைக்கு ஆதாயம் உண்டு. குறில் எகரம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. இந்தியில் 'ஏ' மட்டும்தான், எழுத்தில் குறில் எகரம் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் 'ப'வில் காற்று வெடிக்கும், சகரத்தை அடுத்து வரும் 'ப'வில் வெடிக்காது. நம் பகரமும் வெடிக்காத பகரம்தான். ஆகவே 'பெல்' என்று தமிழில் சொல்வது போலவே சொன்னால் போதும். கடைசியில் வருவது 'ல்'; அதை 'ள்' ஆக்க வேண்டாம்.

இரண்டாம் படி: மந்திரப் பொருளுக்கான வினைகள்

இதுதான் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம். கற்பனைக் கதைகளில் ஸ்பெல் என்பது ஒருவர் இன்னொருவர் மேலோ ஒரு பொருளின் மேலோ ஏவும் மந்திரம். அதற்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினை இருக்கிறது. தமிழ் வழியாக யோசிப்பவர்கள் எல்லாவற்றுக்கும் 'டூ', 'கிவ்', 'சே' என்று போட்டுவிடுவதால்தான் வாக்கியம் பிசகுகிறது.

தொடக்கம். மந்திரம் போடுவதற்கு 'காஸ்ட் எ ஸ்பெல்'. யார் மேல் என்பதற்கு 'ஆன்'. 'ஷி காஸ்ட் எ ஸ்பெல் ஆன் தி பிரின்ஸ்' என்றால் இளவரசன் மேல் மந்திரம் போட்டாள். 'புட் எ ஸ்பெல் ஆன்' என்றாலும் அதே பொருள்தான், பேச்சுவழக்குக்குக் கொஞ்சம் நெருக்கம். இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று, 'காஸ்டட்' என்று இறந்தகாலம் எழுதுவது. 'காஸ்ட்' என்ற வினை மூன்று காலத்திலும் மாறாது. 'புட்' என்பதும் அப்படித்தான். நேற்று நடந்ததா இன்று நடப்பதா என்பதைப் பக்கத்திலுள்ள சொல்தான் சொல்லும். இரண்டு, கடைசியில் ஓர் 'ஈ' சேர்த்து எழுதுவது. அப்படி எழுதினால் அது சாதி என்ற பொருள் தரும் வேறு சொல். ஒலியில் வித்தியாசம் தெரியாததால் நம் ஊர்ப் பிள்ளைகளின் நோட்டில் இது அடிக்கடி தென்படும். மூன்று, 'எ' என்பதை விட்டுவிடுவது. மந்திரத்தை ஆங்கிலம் எண்ணும்: எ ஸ்பெல், டூ ஸ்பெல்ஸ், மெனி ஸ்பெல்ஸ். தமிழில் 'மந்திரம் போட்டாள்' என்றே முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்தச் சின்ன 'எ' இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும்.

நடு. மந்திரம் பிடித்தபின் ஆள் இருக்கும் நிலைக்கு 'அண்டர் எ ஸ்பெல்'. தமிழில் 'மந்திரிச்சு விட்ட கோழி மாதிரி நிற்கிறான்' என்கிறோமே, அந்த நிலை. 'இன் எ ஸ்பெல்' என்று எழுதாதீர்கள். மந்திரத்துக்குக் கீழே இருப்பதாகத்தான் ஆங்கிலம் நினைக்கிறது. யாருடைய மந்திரம் என்பதைச் சேர்க்க வேண்டுமென்றால் 'அண்டர் தி விட்ச்சஸ் ஸ்பெல்'. அந்த நிலைக்குள் விழுவது 'ஃபால் அண்டர்'.

முடிவு. இதில் மூன்று வழிகள் உண்டு, மூன்றுக்கும் வினை வேறு. யாரோ ஒருவர் செய்த செயலால் மந்திரம் அறுந்தால் 'பிரேக் தி ஸ்பெல்'. போட்டவரோ அவரைவிடப் பெரியவரோ இரங்கி எடுத்தால் 'லிஃப்ட் தி ஸ்பெல்'. நேரம் ஆக ஆகத் தானாகத் தெளிந்தால் 'தி ஸ்பெல் வோர் ஆஃப்'. தமிழிலும் இந்த மூன்றுக்கும் வினை கிடக்கிறது: கட்டு அறுந்தது, கட்டை எடுத்தார், மயக்கம் தெளிந்தது. மொழிபெயர்க்கும்போது மூன்றையும் 'மந்திரம் நீங்கியது' என்று ஒரே அச்சில் வார்த்துவிட்டால், யார் காப்பாற்றினார்கள் என்ற கதைச்செய்தியே தொலைந்துபோகும். முடிவு வரும்போது 'எ' போய் 'தி' வருவதையும் கவனியுங்கள். எந்த மந்திரம் என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

பயிற்சிக்கு ஒரு தாளை மூன்றாக மடித்து, தொடக்கம், நடு, முடிவு என்று தலைப்பிடுங்கள். பிள்ளை வாசிக்கும் கதையில் ஸ்பெல் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரிய கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு வாக்கியம் சேர்ந்தால் போதும். பிறகு ஒரு கட்டத்துக்கு ஒன்று என மூன்று வாக்கியத்தில் சொந்தமாகக் குட்டிக்கதை எழுதட்டும். எடுத்துக்காட்டாக, மாஹிம் கோட்டையில் தூங்கும் காவலாளி: யார் மந்திரம் போட்டது, அவன் எப்படிக் கிடக்கிறான், எப்படி விழித்தான்.

மூன்றாம் படி: உறவுச் சொற்களைப் பிரித்தறிவது

ஸ்பெல் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. காக்கவும் போடலாம், கெடுக்கவும் போடலாம். 'கர்ஸ்' கெடுதல் மட்டும், நம் சாபம். 'ஹெக்ஸ்' கெடுதல்தான், ஆனால் சூனியம், செய்வினை என்ற வாடை அதில் உண்டு. 'சார்ம்' சிறிய மந்திரம், பெரும்பாலும் இனிமையானது அல்லது காப்பது. கையில் கட்டும் தாயத்துக்கும் அதே சொல். 'இன்கான்டேஷன்' என்பது வாயால் ஓதும் சொற்கள். ஓதுவது இன்கான்டேஷன், ஓதியதால் பிடிப்பது ஸ்பெல். 'என்சான்ட்மென்ட்' ஓர் இடத்தின் மேலோ பொருளின் மேலோ நீண்டகாலம் நிற்கும் மாயம். மாயக்காடு, மாயவாள் எல்லாம் இந்த வகை. கதாசிரியர்கள் இந்த எல்லைகளைத் தங்கள் வசதிக்கு நகர்த்துவார்கள், ஆனாலும் பொது வழக்கு இதுதான்.

தமிழாக்கத்தில் கவனம் தேவைப்படும் இடம் இன்னொன்று. நம் 'மந்திரம்' என்ற சொல் இறைவழிபாட்டையும் தாங்குகிறது, மாயாஜாலத்தையும் தாங்குகிறது. ஸ்பெல் அப்படித் தாங்காது. காயத்ரி மந்திரத்தையோ ஐந்தெழுத்தையோ ஆங்கிலத்தில் சொல்லும்போது 'ஸ்பெல்' என்று எழுதினால் பிழை மட்டுமல்ல, கேட்பவருக்கு நெருடும். அங்கே 'மந்த்ரா' என்ற சொல்லே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. அகலிகை கதையைச் சொல்லும்போதும் ஸ்பெல் பொருந்தாது; அது சாபம், சாப விமோசனம். 'தி கர்ஸ் வாஸ் லிஃப்டட்' என்பதே சரி.

எதிர்த் திசையில், ஆங்கிலக் கதையைத் தமிழாக்கும்போது எல்லா ஸ்பெல்லையும் 'மந்திரம்' ஆக்க வேண்டியதில்லை. எதற்காகப் போட்டார்கள் என்று பாருங்கள். ஆளை மயக்கித் தன்பக்கம் இழுக்க என்றால் வசியம். மறைவாகக் கெடுக்க என்றால் சூனியம், செய்வினை. இல்லாததை இருப்பதாகக் காட்ட என்றால் கண்கட்டு. அசையவிடாமல் நிறுத்த என்றால் கட்டு. 'ஹி இஸ் அண்டர் ஹெர் ஸ்பெல்' என்று ஒரு பாட்டி பேரனைப் பற்றிச் சலித்துக்கொண்டால், 'அவளோட மந்திரத்தின் கீழ் இருக்கான்' என்று எந்தத் தமிழ்ப் பாட்டியும் சொல்ல மாட்டாள். 'சொக்குப்பொடி போட்டுட்டா' என்பாள். டப்பிங் வசனத்தில் அதுதான் உட்காரும்.

நான்காம் படி: மந்திரம் இல்லாத மயக்கம்

கதையை விட்டு வெளியே வந்தாலும் இதே சொல் கவர்ச்சிக்குப் பயன்படும். சண்முகானந்தா அரங்கில் ஒரு கச்சேரி கூட்டத்தை அசையவிடாமல் நிறுத்தினால் 'தி ஆடியன்ஸ் வாஸ் ஸ்பெல்பவுண்ட்'. பவுண்ட் என்றால் கட்டுண்ட. 'பேச்சால் கூட்டத்தையே கட்டிப்போட்டுவிட்டார்' என்று தமிழில் சொல்கிறோமே, இரண்டு மொழியும் ஒரே கயிற்றைத்தான் பிடித்திருக்கின்றன. கட்டுண்டவர்களுக்கு 'ஸ்பெல்பவுண்ட்', கட்டிப்போட்ட நிகழ்ச்சிக்கு 'ஸ்பெல்பைண்டிங்'. 'ஐ வாஸ் ஸ்பெல்பைண்டிங்' என்று எழுதினால் நீங்களே மற்றவர்களை மயக்கினீர்கள் என்று பொருளாகும். விண்ணப்பக் கடிதங்களில்கூட இந்தக் குழப்பம் வருகிறது.

நகரமோ இசையோ மெல்ல மெல்ல மயக்கும்போது 'ஆன்' என்பதைவிட 'ஓவர்' நன்றாகப் பொருந்தும்: 'தி சிட்டி காஸ்ட் இட்ஸ் ஸ்பெல் ஓவர் ஹெர்'. எல்லாரும் லயித்திருக்கும் அமைதியில் ஒரு மொபைல் அடித்தால் 'இட் புரோக் தி ஸ்பெல்'. இரண்டாம் படியில் கற்ற அதே வினைகள், மந்திரவாதி மட்டும் இல்லை.

ஐந்தாம் படி: விளையாட்டுச் சொல்லாக

மேஜையில் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளும், அவற்றின் வழிவந்த கணினி விளையாட்டுகளும் ஸ்பெல்லுக்குக் கறாரான கணக்கைக் கொடுத்துவிட்டன. 1974-ல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு முன்னோடி. அதன் இப்போதைய விதிகளின்படி ஒரு மந்திரத்துக்கு மூன்று உறுப்புகள் தேவைப்படலாம்: வாயால் சொல்வது 'வெர்பல்', கையால் காட்டும் முத்திரை 'சொமாட்டிக்', கையில் வைத்திருக்க வேண்டிய பொருள் 'மெட்டீரியல்'. மந்திரங்களுக்கு 1 முதல் 9 வரை நிலைகள். அவற்றுக்குக் கீழே, எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய எளிய மந்திரத்துக்கு 'கேன்ட்ரிப்' என்று பெயர். ஒரு நாளில் எத்தனை முறை மந்திரம் போடலாம் என்ற ஒதுக்கீடு 'ஸ்பெல் ஸ்லாட்'. மந்திரம் போடுபவர் 'ஸ்பெல்காஸ்டர்', மந்திரச் சுவடி 'ஸ்பெல்புக்'.

இங்கே பிள்ளைகள் 'காஸ்ட்' என்ற வினையை ஆன், எ எதுவும் இல்லாமல் வெறுமனே வீசுவார்கள்: 'ஐ காஸ்ட் ஃபயர்பால்'. விளையாட்டுக்குள் அது சரிதான், ஃபயர்பால் என்பது அந்த மந்திரத்தின் பெயர். அதே பழக்கத்தில் தேர்வில் 'ஐ காஸ்ட் ஸ்பெல்' என்று எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மூன்று ஸ்பெல்களும் அவற்றின் பிறப்பும்

மந்திர ஸ்பெல் பழைய ஆங்கிலத்தில் பேச்சு, கதை, செய்தி என்ற பொருளில் இருந்த சொல். 'காஸ்பெல்' என்ற கிறித்தவச் சொல்லின் பின்பாதியும் இதுதான். 'நல்ல செய்தி' என்பதே அதன் பழம்பொருள். சயான், தாராவிப் பக்கத்துத் தேவாலயங்களில் தமிழில் 'நற்செய்தி' என்று வாசிக்கிறார்களே, அதற்குச் சொல்லுக்குச் சொல் இணை. சொல்லுக்குச் சக்தி உண்டு என்ற நம்பிக்கையில் 16-ம் நூற்றாண்டில் அது மந்திரச் சொல் என்ற பொருளுக்கு வந்தது.

எழுத்துக்கூட்டும் ஸ்பெல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடிவேர் ஒன்றே, வந்த பாதை வேறு. இது வினைச்சொல். இறந்தகாலம் 'ஸ்பெல்ட்', 'ஸ்பெல்டு' இரண்டும் செல்லும். முன்னது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு, பின்னது அமெரிக்காவின் வழக்கமான வடிவம், பிரிட்டனிலும் செல்லும். 'ஸ்பெல் மிஸ்டேக்' என்று நம்மில் பலர் சொல்வது தவறு, 'ஸ்பெல்லிங் மிஸ்டேக்'. 'ஸ்பெல் அவுட்' என்றால் எழுத்தைப் பிரித்துச் சொல்வதோடு, விளங்கும்படி புட்டுப்புட்டு வைப்பது என்ற பொருளும் உண்டு. 'இட் ஸ்பெல்ஸ் டிரபிள்' என்றால் தொல்லை வரப்போகிறது என்பதற்கு அறிகுறி. இதில் எழுத்தும் இல்லை, மந்திரமும் இல்லை.

மும்பைத் தமிழருக்கு இந்த எழுத்துக்கூட்டும் ஸ்பெல் தினசரித் தேவை. நாம் தகரத்துக்கு 'டி ஹெச்' போடுகிறோம்; மராத்தியரும் இந்திக்காரரும் வெறும் 'டி' போடுகிறார்கள். ஆகவே லதா, கார்த்திக், கீதா என்ற பெயர்களைக் காதால் கேட்டு எழுதும் குமாஸ்தா 'ஹெச்'சை விட்டுவிடுவார். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று என்று ஆகிவிட்டால் திருத்த அலைய வேண்டும். கேட்பதற்கு முன்பே 'லெட் மி ஸ்பெல் இட் ஃபார் யூ' என்று சொல்லி, 'டி ஹெச்' வரும் இடத்தில் நிறுத்தி அழுத்திச் சொல்லுங்கள். ழகரம் உள்ள பெயர்களில் 'இசட் ஹெச்' வரும் இடத்திலும் அப்படியே.

மூன்றாவது ஸ்பெல் காலத்தைக் குறிப்பது. இது வேறு குடும்பம். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் நிற்பது என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. வேலையில் ஒருவரின் முறை என்று தொடங்கி, பிறகு எந்தவொரு சிறு காலத்துக்கும் ஆனது. அமெரிக்க வழக்கில் 'ஸ்பெல் மி ஃபார் ஆன் அவர்' என்றால் ஒரு மணி நேரம் என் இடத்தில் நின்று பார்த்துக்கொள் என்று பொருள். வேரின் பொருள் அதில் அப்படியே உயிரோடு இருக்கிறது.

கிரிக்கெட்டில் இந்தப் பொருள் துல்லியமாக நிற்கிறது. ஒரு பந்துவீச்சாளர் இடையில் ஓய்வு தரப்படாமல் தொடர்ந்து வீசும் ஓவர்களின் வரிசைதான் ஸ்பெல். மொத்தக் கணக்கு ஸ்பெல் இல்லை, அது 'ஃபிகர்ஸ்'. மும்பையில் பிறந்த அஜாஸ் படேல் 2021 டிசம்பரில் வான்கடேயில் நியூசிலாந்துக்காக 47.5 ஓவரில் 119 ரன் கொடுத்து 10 விக்கெட் எடுத்தார். அவை இரண்டு நாள்களில், பல ஸ்பெல்களில் விழுந்தவை. 'டென் விக்கெட்ஸ் இன் எ ஸ்பெல்' என்று எழுதினால் பிழை. 2008 ஜனவரியில் பெர்த் மைதானத்தில் இஷாந்த் சர்மா ரிக்கி பான்டிங்கைத் திணறடித்தது ஒரு ஸ்பெல்: நீளமாக வீசிக்கொண்டிருந்தவரிடம் கேப்டன் கும்ப்ளே இன்னும் ஓர் ஓவர் கொடுத்தார், அதில் விக்கெட் விழுந்தது.

மழைக்கும் இதே கணக்கு. 'ஸ்பெல் ஆஃப் ரெயின்' என்றால் விடாமல் பெய்யும் ஒரு பாட்டம். 'ரெண்டு பாட்டம் மழை அடிச்சுது' என்று ஊரில் சொல்கிறோமே, அந்தப் பாட்டம்தான்; இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடையாது, மும்பைத் தமிழ்ப் பேச்சில் அது மறைந்துவருவது வருத்தம். அளவை ஸ்பெல் சொல்லாது; முன்னால் நிற்கும் 'லைட்', 'மாடரேட்', 'இன்டென்ஸ்' சொல்லும். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் பதிவான 944 மி.மீ. என்பது மழையளவு, அதாவது 'ரெயின்ஃபால்'. மழை இல்லாமல் காயும் காலம் 'டிரை ஸ்பெல்'. திடீரென்று வந்து போகும் தலைசுற்றல் 'டிஸி ஸ்பெல்'. டாக்டரிடம் சொல்லும்போது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்தச் சொல்லே காலத்தைக் கேட்கிறது. சிலகாலம் வகித்த வேலைக்கும் வரும்: 'எ டூ இயர் ஸ்பெல் இன் டெல்லி'.

ஏழாம் படி: எந்த ஸ்பெல் என்று கண்டுபிடிப்பது

புதிய வாக்கியம் வந்தால் இந்த வரிசையில் பாருங்கள். ஸ்பெல் வினையாக நிற்கிறதா? நின்றால் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல். பின்னால் டிரபிள், டிசாஸ்டர் வந்தால் அறிகுறி. பின்னால் ஆள் வந்து, அமெரிக்கர் பேசினால் முறை மாற்றுதல். மந்திரம் போடுவதற்கு ஸ்பெல்லையே வினையாக்குவது சில கற்பனைக் கதைகளில் மட்டும் உண்டு, பள்ளிக் கட்டுரையில் வேண்டாம். பெயர்ச்சொல்லாக நின்றால், காஸ்ட், புட், பிரேக், லிஃப்ட், அண்டர் இவற்றில் ஒன்று அருகில் இருக்கிறதா? இருந்தால் மந்திரம் அல்லது மயக்கம். பின்னால் 'ஆஃப்' வந்து அதன்பின் வானிலையோ வேலையோ நோயோ வந்தால் காலம். முன்னால் டிரை, டிஸி, பிரீஃப், லாங் வந்தாலும் காலம்.

ஒரு பொறி மட்டும் உண்டு. 'தி ரெயின் புரோக் தி டிரை ஸ்பெல்' என்பதில் 'பிரேக்' இருக்கிறது, ஆனால் மந்திரம் இல்லை. அந்த இடத்தில் வினையைவிட முன்னால் ஒட்டிய 'டிரை'க்குத்தான் அதிகாரம். ஸ்பெல்லை ஒட்டி நிற்கும் சொல்லை முதலிலும், தள்ளி நிற்கும் வினையைப் பிறகும் பாருங்கள்.

பருவமழை மாதங்களில் இந்தப் பயிற்சிக்குப் புத்தகமே தேவையில்லை. காலையில் வானிலை அறிவிப்பில் ஒரு வாக்கியம், மாலையில் ஆட்டச் செய்தியில் ஒன்று, இரவு கதையில் ஒன்று என்று மூன்றை எடுத்து, எது எந்த ஸ்பெல், எந்தச் சொல் காட்டிக் கொடுத்தது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் விடையை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். அடுத்த வாக்கியத்தில் அது ஊகமாகிவிடும்.